வடிகாலில் விழுந்த மலையுச்சி

முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு என் ஓரகத்தி செல்வி, மூழ்கிய பயிரைக் கையால் துழாவித் தேடிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழை விட்டு வெயிலே வந்துவிட்டது. சுற்றியிருந்த வயல்களில் தண்ணீர் வடிந்து இளம்பயிர் தலை தூக்கிவிட்டது. இவள் வயலில் மட்டும் தண்ணீர் நகரவே இல்லை.

"அக்கா, நாளைக்கும் இப்படியே கெடந்துச்சுன்னா அவ்ளோதான். ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரு நாற ஆரம்பிச்சுடுச்சு" என்றாள்.

அதே நேரத்தில் வயலின் தாழ்ந்த கோடியில், ஒரு தகரக் கொட்டகைக்குள் மணி அடித்தது. பூசை நடக்கிறது. வயல் தண்ணீர் வெளியேற வேண்டிய வடிகாலின் நட்டநடுவில் சிமெண்டு மேடை போட்டு, அதில் ஒரு பெரிய கல்லை உட்காரவைத்து, மஞ்சள் பூசி, பட்டுத்துண்டு கட்டிக் கற்பூரம் காட்டுகிறார்கள். இந்தப் பக்கம் பயிர் அழுகுகிறது. அந்தப் பக்கம் சுண்டல் கொடுக்கிறார்கள்.

நான் வரப்பில் நின்றபடியே கத்தினேன். என்ன கத்தினேன் என்பது ஒரு வார இதழில் அச்சாகாது.

இந்தத் தொடரில் என் கல்லூரி நாட்களை எழுதிக்கொண்டு வந்தேன். விடுதிச் சாம்பார்வரை வந்திருந்தேன். சாம்பார் காத்திருக்கட்டும். அந்தக் கல்லைப் பற்றி எழுதித் தீர்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

கல் இல்லாத ஊர்

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தஞ்சாவூர் நெல்வயல் ஊர்களில் கல் கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் களி, அதற்குக் கீழே மணல், மறுபடியும் களி. நாயை விரட்டக்கூட எங்கள் பிள்ளைகள் மண்ணாங்கட்டியைத்தான் எடுப்பார்கள். அம்மி, ஆட்டுக்கல், வாசல்படி எல்லாமே மேற்கே இருந்து வண்டி ஏறி வந்தவை. பெரிய கோயிலின் கல்கூட அப்படி வந்ததுதான்.

மலையும் கிடையாது. எங்களுக்கு மலை என்றால் சுவாமிமலை. அது கட்டுமலை, மனிதர்கள் கட்டி எழுப்பியது. மலை என்றால் அடியில் தேங்காய்க் கடை, நடுவில் படி, உச்சியில் முருகன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்புறம் எப்படியோ நிலவியல் பட்டப்படிப்பில் போய்ச் சேர்ந்தேன். "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டவர்களிடம் என் அப்பா ரொம்பவும் அடக்கமாக, "கல்லு படிக்குது" என்பார். கேட்டவர் அதற்குமேல் எதுவும் கேட்க மாட்டார்.

கல்லைக் காணாத ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது ஒரு பெரிய கல் நாலு மாதம் அசையாமல் கிடந்தால் யாராவது மஞ்சள் பூசிவிடுவார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழம் வரும். அப்புறம் ஒரு பெயர் வரும். பெயர் வந்துவிட்டால் அந்தக் கல்லை நகர்த்த ஊரில் ஆள் கிடையாது. மாட்டுவண்டிப் பாதையில் கிடந்த பழைய மைல்கல்லுக்கு மாலை விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதில் கும்பகோணத்துக்கு எத்தனை மைல் என்று எழுதியிருந்தது.

இதையெல்லாம் இத்தனை காலம் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். செல்வியின் வயல் மூழ்கிய பிறகு சிரிப்பு வரவில்லை.

இமயம் நகர்

செல்வி என் கொழுந்தனாரின் மனைவி. அவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இங்கே நிலத்தைப் பார்ப்பது இவள்தான். உழவு, நாற்று, உரம், ஆள் கூப்பிடுவது, நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாம் ஒற்றை ஆள்.

போன கோடையில் அவள் வயலை ஒட்டியிருந்த நஞ்சை கைமாறியது. வாங்கியவர் மனை போட்டார். பெயர் 'இமயம் நகர்'. வாய்க்கால் பாலத்தைவிட உயரமான இடமே இல்லாத ஊரில் இமயம்! நுழைவாயில் வளைவில் பனி மூடிய சிகரம் ஒன்றையும் வரைந்துவைத்தார்கள். அதன் அடிவாரத்தில் மாடு கட்டியிருக்கும்.

மனை போடுவதில் முதல் வேலை, மேடு பண்ணுவது. இந்தப் பைத்தியம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் உண்டு. பக்கத்து வீட்டைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டினால்தான் தூக்கம் வரும். அவர் உயர்த்தினால் இவர் மறுபடி உயர்த்துவார். புது ரோடு போட்டால் ரோடு எல்லாரையும்விட உயரும். தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. உயர்த்த முடியாதவர் வீட்டுக்குத்தான் போகும், வேறெங்கே?

டிப்பர் லாரிகள் வந்தன. கிராவலும் உடைகல்லுமாகக் கொட்டின. மேடு சரியாமல் இருக்க ஓரத்தில் பெரிய பாறைகளை இறக்கினார்கள். அதில் ஒன்று உருண்டு வடிகாலுக்குள் விழுந்தது. எடுக்கச் சொல்லி செல்வி கேட்டாள். "எடுத்துடலாம்மா" என்றார்கள். அடுத்த வாரம் கேட்டாள். "எடுத்துடலாம்மா."

ஆடி மாதம் அதற்கு மஞ்சள் விழுந்தது. அப்போது நான் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் 'மலையாண்டவர்' என்று பெயரும் வந்து, தினம் மணியடிக்க ஒருத்தரும் கிளம்பியிருந்தார். "தானா வந்து எறங்கின சாமி" என்று அவர் எல்லாரிடமும் சொன்னார்.

"தானா வந்துச்சா?" என்றாள் செல்வி. "நம்பர் பிளேட்டுல சேறு பூசின லாரியில வந்துச்சு. நான் இங்கதானே நின்னேன்!"

மனைக்காரருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. எடுக்க வேண்டிய கல்லைச் சுற்றி மேடை கட்டினார், தகரம் போட்டார். 'கோயிலை ஒட்டிய மனைகள்' என்று நோட்டீஸ் அடித்தார். வடிகாலை மண் தள்ளி மூடியிருந்தால் நாலு பேர் கேட்டிருப்போம். சாமியை வைத்து மூடியதால் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

எனக்குத் தெரிந்த முகம்

நான் அந்தக் கல்லைக் கிட்டப்போய்ப் பார்த்தது ஒரு அபிஷேகத்தின்போது. மஞ்சள், பட்டு எல்லாம் களைந்து தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கிட்டே குனிந்து பார்த்தேன்.

சாம்பல் நிறப் பாறை. அதில் கொசுவம்போல மடிந்து மடிந்து ஓடும் கறுப்புக் கோடுகள். கடுகளவு சிவப்பு மணிகளாகக் கார்னெட். குறுக்கே, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு வெங்கச்சங்கல் பட்டை, பாடப்புத்தகத்தில் குவார்ட்ஸ் என்போமே அது. உச்சியில் வட்டமாகக் குடைந்த குழி. குழியின் உட்புறம் எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்திருந்தது.

மணியடிப்பவர், "பார்த்தீங்களா டீச்சர், சாமிக்கு நெத்திக்கண்ணு" என்றார்.

"கண்ணு இல்லீங்க. அது விளக்குக் குழி. இந்தக் கல்லு எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அவருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை. விபூதியைக் கொஞ்சம் குறைத்தே கொடுத்தார்.

கரூருக்கும் மேற்கே, சமவெளியில் தனியாக நிற்கும் ஒரு மலை. கொம்புமலை என்பார்கள். இரண்டு பக்கமும் தோள்போலத் தாழ்ந்த முகடுகள். நடுவில் மாட்டுக்கொம்புபோல ஒரே ஒரு உச்சி. மேற்குச் சரிவு சாய்வாக இறங்கும், கிழக்குப் பக்கம் செங்குத்து. அடிவாரத்து ஓடை சுற்றி வளைந்து காவிரியில் போய்ச் சேரும். கல்லூரியில் எங்களுக்கு நிலவியல் வரைபடம் போடக் கொடுத்த மலை அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்தப்போகிறேன். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் புவியியல் சொல்லிக்கொடுத்தவளை இதற்குமேல் அடக்க முடியாது.

மலை என்றால் கீழே இருந்து மேலே வளர்ந்தது என்று நினைக்கிறோம். கொம்புமலை மாதிரிப் பழைய மலைகளின் கதை வேறு. அந்தப் பாறை பூமிக்குள் வெகு ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து மடிந்து உருவானது. அதற்கு மேலே மூடியிருந்ததெல்லாம் யுகக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் தேய்ந்துபோனது. தேயாமல் மிஞ்சியதுதான் மலை. அதிலும் கடைசிவரை தேய மறுத்தது அந்த வெங்கச்சங்கல் பட்டை ஓடிய இடம். வெங்கச்சங்கல் மக்காது, கரையாது. அது தலைக்கு மேல் தொப்பியாக நின்றதால்தான் அங்கே ஒரு உச்சி இருந்தது.

சரி, தேய்ந்துபோனதெல்லாம் எங்கே? அதன்மேல்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். இந்த மாதிரிப் பாறை மக்கினால் களி. வெங்கச்சங்கல் நொறுங்கினால் மணல். காவிரி மணலில் மினுக்கும் காக்காப்பொன்கூட மேற்கத்தி மலைகளின் பாறையில் இருந்ததுதான். செல்வி நாற்று நட்ட சேறு, அந்த மலைகள் கொடுத்த சேறு. ஆறு அதை அரைத்து, சலித்து, பயிர் வேர் பிடிக்கிற பதத்தில் கொண்டுவந்து பரப்பியது. அப்படி மலை கொடுத்த வயலை, அதே மலையை உடைத்துக் கொண்டுவந்து மூடுகிறோம். இதற்குப் பெயர் வளர்ச்சி. இதைக் கேட்டால், "டீச்சருக்கு எதிலயும் குத்தம்" என்கிறார்கள். ஆமாம், குற்றம்தான்.

சுத்தியலைத் தடுத்த ஊர்

கொம்பின் உச்சியில் நான் நின்றிருக்கிறேன். ஏறும்போது நாலு இடத்தில் சறுக்கினேன். களிமண் ஊர்க்காரிக்குப் பாறையில் கால் வைக்கத் தெரியாது. அடிவாரத்து ஊரில் எங்களுக்குக் கம்பங்கூழ் கொடுத்த வீட்டுப் பெண் பழனியம்மா, என் வயதுக்காரி, செருப்பில்லாமல் எனக்கு முன்னால் ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

உச்சியில் அந்தக் குழி. பக்கத்தில் வெங்கச்சங்கல் பட்டை பளபளக்கிறது. மாதிரிக்கு ஒரு சில்லு எடுக்கலாமென்று சுத்தியலை ஓங்கினேன். பழனியம்மாவின் அப்பா போட்ட சத்தத்தில் சுத்தியல் கையில் நிற்கவில்லை.

"அம்மிணி, கல்லு வேணும்னா கீழ கெடக்குது, கூடையில அள்ளிக்கிட்டுப் போ. இது கார்த்திகைக்கு வெளக்கு வெக்கிற எடம். இங்க ஒரு பொறி உதிரக் கூடாது."

ஒரு பொறி உதிரக் கூடாது என்று என் கைச்சுத்தியலைத் தடுத்த ஊர் அது. அங்கே இப்போது துளை போட்டு வெடி வைத்திருக்கிறார்கள். அது எப்படி அவர்களால் முடிந்தது? வருவாய்க் கணக்கில் மலைக்கு ஒரு பெயர் உண்டு, கல்லாங்குத்து. பயிர் விளையாத கல்நிலம் என்று அர்த்தம். கணக்கில் கல்லாங்குத்து என்று எழுதிவிட்டால் அங்கே உச்சி கிடையாது, ஓடை கிடையாது, விளக்கு கிடையாது. எங்கள் ஊரில் நஞ்சை என்பதை அடித்து மனை என்று எழுதினால், வடிகாலும் கிடையாது.

"சாமி விஷயம்மா"

வரப்பில் கத்தி முடித்த கையோடு செல்வியும் நானும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "சாமி விஷயம்மா. நாங்க கை வெச்சா ஊரு ரெண்டாயிடும். உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்குங்க" என்றார்.

மனைக்காரரிடம் போனோம். "நானா வேணாங்கிறேன்? சாமிகிட்ட கேளுங்க. பூ போட்டுப் பாருங்க" என்றார். சொல்லிவிட்டு இளநீர் வெட்டச் சொன்னார். செல்வி எழுந்து வந்துவிட்டாள்.

ஊரில் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். "பாவம், ஒத்தப் பொம்பளை, நட்ட பயிரு" என்றார்கள். கல்லில் கை வைக்க மட்டும் ஒரு ஆம்பிளை வரவில்லை.

கடைசியாகக் கூத்தாநல்லூரிலிருந்து வந்து எங்கள் பக்கம் ஜேசிபி ஓட்டும் ஜபருல்லாவிடம் கேட்டேன். நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார்.

"வண்டி ரெடியா இருக்கு டீச்சர். ஆனா நான் போயி சாமிக்கல்ல தூக்கி, அத எவனாவது செல்போன்ல படம் புடிச்சுப் போட்டான்னா என் கதி என்ன? நான் புள்ளகுட்டிக்காரன். கல்லுக்குச் சொந்தக்காரங்க நின்னு தூக்கச் சொல்லட்டும். அஞ்சு நிமிஷ வேலை."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை நினைத்தும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் என்றாரே, அதில் வழி இருந்தது. அன்றைக்கே பஸ் ஏறினேன்.

கொம்பு இருந்த இடம்

கரூரைத் தாண்டியதும் ஒரு திருப்பத்தில் கொம்பு தெரியும். திருப்பம் வந்தது. இரண்டு தோளும் இருந்தன. நடுவில் வானம்தான் இருந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர், "என்னம்மா, ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிட்டப் போனால் இன்னும் மோசம். உச்சியைத் தின்று முடித்துவிட்டுத் தரைக்குக் கீழேயும் தோண்டியிருந்தார்கள். கொம்பு நின்ற இடம் கிணறுபோலச் செங்குத்தான பள்ளம். அந்தப் பள்ளத்தில் இப்போது வேலையை நிறுத்தி, அடுத்த தோளுக்குப் போயிருந்தார்கள்.

பழனியம்மாவுக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. சறுக்கி விழுந்த கதையைச் சொன்னதும் தெரிந்தது. விளக்குக் குழிக் கல் எங்கள் ஊரில் இருக்கிறது என்று சொன்னேன்.

"கல்லு முழுசா இருக்குதுங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜல்லியாப் போயிருக்கும்னு நெனச்சமுங்க. அந்த ஒரு கல்ல மட்டும் உட்ருங்கன்னு எங்க ஊட்டுக்காரரு போயிக் கெஞ்சுனாரு. செரின்னாங்க. மக்கா நாளு போயிப் பாத்தா இல்லீங்க."

மறுநாள் காலையிலேயே ஒரு சின்ன லாரியில் ஊர்க்காரர்கள் சிலரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து இறங்கினாள்.

கொட்டகையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மனைக்காரரும் வந்தார். பழனியம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குழிக்குள் விரலை விட்டு, ஒட்டியிருந்த சிமெண்டையும் குங்குமத்தையும் முந்தானையால் துடைத்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

"எங்க மலைய எதுக்குங்க இப்பிடித் தண்ணிக்குள்ள போட்டு வெச்சிருக்கறீங்க?"

மணியடிப்பவர்தான் மெல்ல, "நாங்க கும்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கோம் தாயி" என்றார்.

"கும்புடுங்க, வேண்டாங்கலை. ஆனா இது சாமி இல்லீங்க. சாமிக்கு வெளக்கு வெக்கிற எடம். நாங்க கொண்டுக்கிட்டுப் போறோம்."

எங்கள் ஊர் இப்போது செய்ததைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கல்லை 'எடுக்க' முடியாதென்றிருந்தவர்கள், 'அனுப்பிவைக்க' உடனே தயாரானார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி புறப்படுவதுபோலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வந்தது. சுமங்கலிகள் பழனியம்மாவுக்குக் குங்குமம் கொடுத்தார்கள். மனைக்காரர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார். அத்தனை பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வர அவருக்குத் தைரியமில்லை.

நான் போன் போட்டு வரவழைத்த ஜேசிபி ஓரமாக நின்றது. "தூக்குங்க பாய்" என்றாள் பழனியம்மா. ஜபருல்லா பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுத்தார். மேடை நொறுங்கியது. கல் மேலே எழும்பியதும், அடைபட்ட தண்ணீர் மண்ணையும் பூமாலையையும் அடித்துக்கொண்டு இரைச்சலோடு பாய்ந்தது.

வயலுக்கு நடுவில் செல்வி நின்றிருந்தாள். "போவுது அக்கா! போவுது!" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கூவினாள். பள்ளப் பக்கத்துப் பயிர் முழுக்கப் போய்விட்டது. மற்றதில் பெரும்பகுதி பிழைத்துக்கொண்டது. வடிகாலை அடைத்தவர்களை இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கார்த்திகை

தீபத்தன்று சாயங்காலம் பழனியம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "பயிரு எந்திரிச்சுதுங்களா?" என்று கேட்டாள். எழுந்துவிட்டது என்றேன். கல்லை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"பழைய எடத்துலதானுங்க வெக்கோணும். அந்த எடம் இப்பப் பள்ளமுங்க. கவுறு கட்டி எறக்கி அடியில வெச்சோம். ஏறிப் போயி ஏத்துன வெளக்கு, இந்த வருசம் எறங்கிப் போயி ஏத்துனமுங்க."

"நல்லா எரிஞ்சுதா?"

"காத்தே இல்லாத எடமுங்களே, ஆடாம அசங்காம எரியுது" என்றாள். "கொம்புல வெளிச்சம் தெரிஞ்சதுக்கப்புறந்தான் சுத்துப்பட்டு ஊருல எல்லாம் ஊட்டு வெளக்கு ஏத்துவாங்க. கல்லு வந்துருச்சுன்னு சொல்லியிருந்தமா, எல்லாரும் வாசல்ல நின்னு மேலயே பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. இருட்டிருச்சுங்க. ஒண்ணும் தெரியலை. அப்புறம் நாந்தான் ஒவ்வொரு ஊட்டுக்கா போன் போட்டு, ஏத்தியாச்சு, நீங்களும் ஏத்திக்கங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கறனுங்க. இன்னம் நாலு ஊருக்குச் சொல்லோணும். வெச்சிரட்டுங்களா?"